லூர்து மேரியின் கடைசி இன்லேண்டு

அன்று தபாலாபீசில் நாலு பேர் இருந்தோம். கதவுக்கு நேரெதிரே, மேசைக்குப் பின்னால் நான். மேசைக்கு இந்தப் பக்கம் தரையில், மடித்த சாக்கின் மேல் மிக்கேலம்மாள். ஸ்டூல் போட்டாலும் அதில் உட்கார மாட்டார். வாசற்படியில் காலை நீட்டியபடி ரன்னர் நஞ்சப்பன். இண்டூரிலிருந்து தபால் பையைச் சைக்கிளில் எடுத்து வந்த களைப்பு. ஜன்னலோர பெஞ்சில் அர்ச்சுனன். கார்டு வாங்க வந்தவன், வாங்கிய பிறகும் போகவில்லை. 23.9.86, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணி.

யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று தாங்கள் கேட்கவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் ஐயா, எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதுவதற்கு எனக்கு எப்போதும் பத்துக்குப் பத்து. பதினைந்து வருடமாக இந்த ஊர் கிளை அஞ்சலகத்தைப் பார்க்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதும், பதில் எழுதிக் கொடுப்பதும் நானேதான். அதற்கு யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை.

போன வாரம் தாங்கள் வந்து கேட்டது ஒரே கேள்வி. தொப்பூரில் புருஷன் இன்னாசியின் வீட்டில் தீக்காயம்பட்டு இறந்துபோன லூர்து மேரி, சாவதற்குப் பதினொரு நாளைக்கு முன் தன் தாய் மிக்கேலம்மாளுக்கு எழுதிய கடிதம் இதுதானா, இதில் உள்ளபடிதான் நீங்கள் படித்துச் சொன்னீர்களா என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொன்னேன். தாங்களும் ஸ்டவ் வெடித்த விபத்து என்று எழுதி முடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினீர்கள். ஜீப் திரும்பும்வரை சும்மா நின்றேன். அதற்குப் பிறகு எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதத் தொடங்கி, இந்தப் பக்கம் முடிவதற்குள் நாலு தடவை எழுந்து பானைத் தண்ணீர் குடித்துவிட்டேன். தாகம் ஒன்றுமில்லை.

முதலில் என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆபீஸ் சுவரில் என் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்குவதைத் தாங்கள் பார்த்திருக்கலாம். கடிதம் எழுதுவோர் கவனத்துக்கு என்று தலைப்பு. வீட்டு விஷயத்தைக் கார்டில் எழுதாதீர்கள், பை தூக்குகிறவன் முதல் பட்டுவாடா செய்கிறவன் வரை படிப்பான். இன்லேண்டை மடித்து மேல் மடிப்பை மட்டும் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் அமுக்கினால் குழாய் மாதிரி விரியும், கண்ணை வைத்தால் பாதி தெரியும். சோற்றுப் பருக்கையால் ஒட்டாதீர்கள், ஆவி பட்டால் விட்டுவிடும். எச்சில் அதைவிட மோசம். ஊர்க்காரர்கள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, சார் நம்ம மேல எவ்வளவு அக்கறை என்பார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

டீ போடுவதற்கென்று ஆபீசில் ஒரு பம்ப் ஸ்டவ் வைத்திருக்கிறேன். பை வந்து, கடிதங்களைப் பிரித்து அடுக்கிய பிறகு பட்டுவாடாவுக்கு அரை மணி இருக்கும். ஒட்டிய கடிதம் ஒன்று மேசைமேல் கிடந்தால் எனக்குக் கால் தரையில் பாவாது. எழுந்து கதவு வரை போவேன், திரும்பி வருவேன். படித்துவிட்டு மறுபடி ஒட்டி வைத்தால்தான் உடம்பு அடங்கும். படித்ததை யாரிடமும் சொன்னதில்லை. யாருக்கு இரண்டாவது குடும்பம் இருக்கிறது, எந்தப் பையன் மிலிட்டரியிலிருந்து ஓடி வந்தவன், எல்லாம் தெரியும். பதினைந்து வருடத்தில் ஒரு வீட்டு விஷயம் என் வாயிலிருந்து வெளியே போனதில்லை. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மிக்கேலம்மாளுக்கு லூர்து மேரி ஒரே பெண். புருஷன் இல்லை, களையெடுத்தும் புளி தட்டியும் வளர்த்தார். இந்த வருடம் மாசியில் தொப்பூர் இன்னாசி வீட்டிலிருந்து கேட்டு வந்தார்கள். கணவாய் ரோட்டோரம் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல். மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம், மூத்தவள் காய்ச்சலில் போய்விட்டாள் என்றார்கள். "நீங்க நாலு எழுத்து தெரிஞ்சவங்க, எடம் எப்பிடிங்க சார்?" என்று என்னிடம் வந்து கேட்டார். ஓட்டல் வைத்திருக்கிறவன், சோற்றுக்குக் கஷ்டமிராது, கொடுக்கலாம் என்றேன்.

அடுத்த வாரம் அவர் பெயருக்கு ஓர் இன்லேண்டு வந்தது. அனுப்பியவர் பெயரில்லை. தொப்பூர் முத்திரை. யாரோ மைதாப் பசையை அள்ளித் தடவி ஒட்டியிருந்தார்கள். ஆவியில் காட்டி இழுத்தபோது மடிப்பு கிழிந்துவிட்டது. எனக்கு அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. உள்ளே ஐந்து வரி. உன் பெண்ணை இங்கே கொடுக்காதே, மூத்தவள் காய்ச்சலில் சாகவில்லை, நம்பாவிட்டால் ஓட்டலுக்கு எதிர் டீக்கடையில் வந்து கேள்.

கிழிந்த கடிதத்தை எப்படிக் கொடுப்பது? எப்படிக் கிழிந்தது என்று கேட்பார்கள். கேட்டவர் நாலு பேரிடம் சொல்வார். யோசித்துப் பார்த்தேன். பெயர் போடாத கடிதம் பொறாமைக்காரன் எழுதுவது, நல்ல காரியத்தைக் கெடுக்க வருவது என்று எனக்குத் தோன்றியது. பழைய மணியார்டர் பாரங்களின் கட்டுக்குள் வைத்தேன். ஈஸ்டர் முடிந்த மறுவாரம் கோயிலில் கல்யாணம். நானும் போயிருந்தேன்.

ஆனி மாதம் மகளைப் பார்க்கப் போன மிக்கேலம்மாள் அன்றைக்கே திரும்பிவிட்டார். மறுநாள் என் மேசைக்கு முன் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"எம் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த தனியா பேச வுடலீங்க சார். மாமியாக்காரி நடுவுல உக்காந்துகிட்டு எந்திரிக்கவே இல்ல. இவ எழுதற கடுதாசியக்கூட அந்த இன்னாசி படிச்சுப் பாத்துத்தான் பொட்டியில போடறானாம்."

"அப்புறம்?"

"பஸ் ஏத்திவுட வந்தா பாருங்க, அப்பத்தான் ரெண்டு பேரும் பேசி வச்சோம். எங்க சனம் கடுதாசி எழுதுனா தலையில குருசு போட்டுத்தான எழுதும்? குருசு இருந்தா நல்லா இருக்கான்னு அர்த்தம். குருசு இல்லாம வந்தா, உள்ள என்ன எழுதியிருந்தாலுஞ் செரி, நா ஓடிப் போயி கூட்டியாந்தரணும். எழுத்துதான் தெரியாது, குருசு தெரியுங்களே எனக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "உங்ககிட்ட சொன்னா ஊருக்குத் தெரியாதுங்க."

என் அட்டையில் இன்னொரு வரி எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு பேர் பேசி வைத்த அடையாளம் இரண்டு பேரோடு இருக்கட்டும். மூன்றாமவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கடிதம் அவர் கையைத் தாண்டித்தான் வர வேண்டும் என்றால், அவரிடம் சொல்லவே கூடாது. மூன்றாமவனாக இருந்து இதைச் சொல்கிறேன்.

ஆடியில் ஒரு கடிதம், ஆவணியில் ஒன்று. இரண்டிலும் சிலுவை இருந்தது. மிக்கேலம்மாள் கடிதத்தை வாங்கித் தலையைத்தான் முதலில் பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டுவார். நான் படிப்பதை அரைகுறையாகத்தான் கேட்பார்.

செப்டம்பர் 23 கடிதத்தை வழக்கம்போல நான் முதலில் பிரித்தேன். அப்போது ஆபீசில் வேறு யாருமில்லை. நஞ்சப்பன் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். தலையில் சிலுவை இல்லை. மற்றபடி நல்ல கடிதம். எல்லாரும் சுகம், மழை பெய்தது, அத்தை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். கடைசியில் இரண்டு வரி. "எதிர் டீக்கடை அக்கா மாசி மாசமே உனக்கு ஒரு கடுதாசி போட்டதாம். கிடைத்ததா என்று கேட்கச் சொன்னது."

இன்னாசி படித்திருப்பான். அவனுக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

எழுந்தேன். கதவு வரை போனேன். வந்தேன். இதில் அவசரப்பட்டு எதுவும் செய்யவில்லை ஐயா, வரிசையாகத்தான் யோசித்தேன். சிலுவை இல்லாததைப் பார்த்தால் மிக்கேலம்மாள் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்புவார். தருமபுரியில் மாறி ஏறினால் இரண்டு மணி நேரத்தில் தொப்பூர். சாயந்திரம் பெண்ணோடு வந்து இறங்குவார். டீக்கடைக்காரி போட்ட கடிதம் எங்கே என்று மறுநாள் காலையில் இதே மேசைக்கு முன் வந்து நிற்பார்கள். தபால் இலாகாவுக்கு ஒரு மனு போகும். பதினைந்து வருடம். ஊரே தன் வீட்டுக் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு மடிப்பைத் தடவிப் பார்க்கும்.

மருமகளும் மாமியாரும் என்றால் சண்டை இருக்கத்தான் செய்யும், ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் நீல நிறப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தாள். என்னிடமும் நீலம் இருந்தது. முதலில் மேலிருந்து கீழே ஒரு கோடு, பிறகு குறுக்கே ஒன்று. என் கடிதங்களுக்கு நான் பிள்ளையார் சுழி போடுகிறவன். சிலுவை போட்டது அது ஒன்றுதான். கண்ணாடி வைத்துப் பார்த்தீர்களானால் அவள் எழுத்தைவிட அது கொஞ்சம் அழுந்தியிருப்பது தெரியும்.

ஒட்டி வைத்தேன். நஞ்சப்பன் வந்து படியில் உட்கார்ந்தான். அர்ச்சுனன் வந்தான். மிக்கேலம்மாள் வந்தார். கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினார். அவரேதான் பிரித்தார். தலையைப் பார்த்தார். மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"என்னாக்கா, பொண்ணு என்ன எழுதியிருக்கா?" என்றான் அர்ச்சுனன். "ஓட்டல்ல குடுத்தீங்களே, மாமியா சாப்பாட்டுக்கு பில்லு போடறாளாமா?"

"உம் பொண்டாட்டி ஊத்தற கூழுக்கு எவனாச்சும் பில்லு குடுப்பானா? எம் பொண்ணு மவராசியா இருக்கா, போய்யா."

"அடுத்த லாரியில ஏறிப் போயி ரெண்டு பரோட்டா தின்னுட்டு வரேன். அக்கா அனுப்புச்சுன்னு சொல்லுவேன்."

"துட்டுக் குடுத்துட்டுத் தின்னு" என்றான் படியிலிருந்து நஞ்சப்பன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

படித்துச் சொன்னேன். சுகம், மழை, அத்தை. கடைசி இரண்டு வரியைப் படிக்கவில்லை. அந்தக் கடிதத்தைத்தான் அவர் தங்களிடம் எடுத்து நீட்டியிருக்கிறார். "குருசு போட்டிருக்குதுங்க, எம் பொண்ணு நல்லாத்தான் இருந்தா, ஆரு மேலயும் எனக்குச் சந்தேகம் இல்லீங்க" என்று அவர் சொன்னதைத் தாங்கள் எழுதிக்கொண்டதாகக் கேள்வி. கீழே உள்ள அந்த இரண்டு வரி எதற்கென்று தாங்களும் கேட்கவில்லை. டீக்கடைக்காரியின் கிழிந்த கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். விசாரணையை முடித்துவிடாதீர்கள்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அன்று இன்னொரு கடிதமும் இருந்தது.

"பதில் எழுதிருங்க சார், கையோட நஞ்சப்பன் கொண்டுபோவட்டும்" என்றார் மிக்கேலம்மாள். புது இன்லேண்டு எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். "கடுதாசி பாத்தேன், குருசப் பாத்து மனசு குளுந்துருச்சு. கிறிஸ்மசுக்கு வந்து கூட்டியாறேன். சேல எடுத்து வச்சிருக்கேன், ஊதாக் கலரு."

அதை அப்படியே எழுத முடியாது. போடாத சிலுவையைத் தாய் பார்த்தாள் என்றால் லூர்து மேரிக்குத் தெரிந்துவிடும். அதை மட்டும் விட்டுவிட்டு எழுதினாலும், அம்மா கவனிக்கவில்லை என்று இன்னொரு கடிதம் போடுவாள். அதற்கும் நான் ஒரு சிலுவை போட வேண்டும், அதற்கடுத்ததற்கும். இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று நினைத்தேன். தலையில் ஒன்றும் போடாமல், நல்ல கையெழுத்தில் இப்படி எழுதினேன்.

"உன் கடிதம் கண்டேன். சிலுவை இல்லாததையும் கண்டேன். கட்டிக்கொடுத்த இடத்தில் பொறுத்துக்கொண்டு இருப்பதுதான் உனக்கு நல்லது. என்னால் வர இயலாது. நீயும் இங்கே வரவேண்டாம். டீக்கடைக்காரி கடிதம் எதுவும் வரவில்லை. இனி இப்படி எழுதாதே."

"எழுதுனதப் படிங்க சார்" என்றார். தாளைப் பார்த்துக்கொண்டே படித்தேன். குருசு, கிறிஸ்மஸ், ஊதாச் சேலை. ஒரு வார்த்தை விடவில்லை.

அவர் கட்டைவிரலை மைப்பெட்டியில் தொட்டுக் கீழே அழுத்தினார். அம்மாவின் ரேகை லூர்து மேரிக்குத் தெரியும். குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும், களைக்கொத்துப் பட்டது. தொப்பூருக்கு அது மறுநாளே போய்ச் சேர்ந்திருக்கும். வீட்டுக்கு வரும் கடிதத்தை இன்னாசி முதலில் படித்திருப்பான், இவளை அழைத்துப் போக இனி யாரும் வரமாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஸ்டவ் அதுவாக வெடித்ததா, அவன் செய்தானா, அவளே செய்துகொண்டாளா என்பதைத் தாங்கள்தான் விசாரிக்க வேண்டும். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

இன்லேண்டை மடித்து, முத்திரை குத்தி, நஞ்சப்பனின் பையில் போட்டேன். மேல் மடிப்போடு விடவில்லை ஐயா, பக்கவாட்டிலும் மைதாப் பசை தடவி, உலரும் வரை கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். தாயும் மகளும் எழுதிக்கொள்வதை வழியில் எவனாவது பிரித்துப் படித்துவிடக் கூடாது என்பதில் நான் எப்போதுமே கவனமாக இருந்திருக்கிறேன்.