சிவப்பு வராவிட்டால் ஆள் இல்லை

நான் வேலை பார்த்த அறையில் ஏசி எனக்காக வைத்ததல்ல சார், கம்ப்யூட்டருக்காக வைத்தது. எனக்கென்று கேட்டிருந்தால் ஃபேன்கூடக் கிடைத்திருக்காது.

என் பெயர் விஜயராணி. அருள்புரத்துச் சாயப்பட்டறையில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க என்னுடையது. சாய மெஷின் தொட்டிக்குள் துணி சிக்கினால் ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். இறங்குமுன் தங்கள் அடையாள அட்டையை மெஷின் பக்கத்துக் கருவியில் தேய்ப்பார்கள், அது ஒரு ஃபைலில் பதிவாகும். மெஷின் ஓட்டுகிறவர் ஸ்டார்ட் போடுமுன் திரையைப் பார்ப்பார். உள்ளே ஆள் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை.

அந்த ஃபைல் பல பெட்டிகள் வைத்த அலமாரி மாதிரி. மெஷின் எண்ணைக் கொடுத்தால் எந்தப் பெட்டி என்று கணக்குப் போட்டு நேராக அங்கே போகும். எத்தனை பெட்டி வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்தவள் நான். சுத்தம் செய்வதற்காக ஃபைலை அழித்துப் புதிதாக உருவாக்கும்போதெல்லாம் அந்த அளவையும் கூடவே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் திணித்துவிட்டு, கேட்கும்போது ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கும்.

நான் வைத்த வேகத்தில் சிவப்பு கண் இமைக்குமுன் வந்துவிடும், அதனால் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. "செவப்பு வரலீன்னா ஆளு இல்லீங்க, அவ்ளோதான்" என்பார் மெஷின் ஓட்டும் கந்தப்பன். பச்சைக்காக அவர் காத்திருந்ததே இல்லை. என் வேலைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

போன வாரம் முதலாளி மகன் நித்தீஷ் வந்து நின்றார். "ஏனுங்க அக்கா, எல்லாம் தானா ஓடுதே, உங்களுக்கு இங்க என்னங்க வேலை? பேக்கிங் பக்கம் போயிருங்க" என்றார். தானாக ஓடுகிறதாம்.

அன்றே ஃபைலைச் சுத்தம் செய்தேன். அளவைச் சொல்லவில்லை. ஒரு பதிவுகூடத் தொலையவில்லை, நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் திணறட்டும், என்னைத் தேடிக்கொண்டு வரட்டும் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் என் பேச்சை யாரும் மதித்ததில்லை சார், மெஷின் சொன்னால் மதிப்பார்கள்.

மறுநாள் மத்தியானம் மாரிச்செல்வம் எட்டிப் பார்த்தான். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், தொட்டி வேலைக்காரன். "எக்கா, சாப்ட்டீளா? உள்ள துணி சிக்கிக் கெடக்கு, எறங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் அட்டை தேய்த்தது என் திரையில் வந்தது. கந்தப்பனின் திரை சிவப்பும் காட்டாமல் பச்சையும் காட்டாமல் தேடிக்கொண்டே இருந்தது. அதையும் என் இடத்திலிருந்தே பார்க்க முடியும்.

கந்தப்பனைக் குற்றம் சொல்லாதீர்கள். சிவப்பு வரவில்லை, அதனால் ஸ்டார்ட் போட்டார். தொட்டிக்குள் கொதிநீர் இறங்கியது. அவர் காத்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். மாரிச்செல்வம் உள்ளே இருப்பதும் தெரியும். போன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. மாரிச்செல்வத்தைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். திரை ஏன் இழுக்கிறது என்று ஒருவர், ஒரே ஒருவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். யாருமே கேட்கவில்லை சார்.