சூடு போகும் வழி

சாண்ட்விச்சுக்குள் வைத்துத் தின்கிற அந்தச் சுருட்டை இலைக்கு எங்கள் ஊர் வெயில் ஆகாது. லெட்யூஸ் என்று பெயர். ஊட்டியில் தானாக வரும். இரணியலில் அதற்கு ஒரு அறையை ஒதுக்கி, ஏசி வைத்து, விளக்குப் போட வேண்டும். விளக்குப் போட்டால் சூடு வரும். அந்தச் சூட்டை எங்கே அனுப்புவது என்பதுதான் சார் விஷயம். நீங்கள் எப்படிக் கேட்டாலும் அதில்தான் வந்து நிற்கும்.

என் பெயர் பெனிஷ். இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் நிறுத்தினேன். பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் இரவு வேலை, அதையும் விட்டேன். வீட்டில் அப்பா செல்வதாஸ், அக்கா ஜாஸ்மி, நான். அம்மா இல்லை. அக்காவுக்குத் தக்கலையில் ஜவுளிக்கடை வேலை. காலையில் போனால் அந்திக்குத்தான் வருவாள்.

பின்னறையில் தட்டுகளை அடுக்கி எல்இடி குழல்களை மாட்டியபோது அப்பா நல்ல சுகத்தோடு இருந்தார். கதவில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏட்டி ஜாஸ்மி, இஞ்ச வந்து பாரு. வெளிய வெயிலு சும்மா கெடந்து அடிக்குது. ஒந் தம்பி கரண்டு குடுத்து உள்ள வெயிலு உண்டாக்குதான். பொறவு அந்த வெயிலுக்கு ஏசியும் போடுதான். இவன் படிச்ச காலேஜ இடிக்கச் சொல்லணும்."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அதையே சபை முற்றத்தில் சொன்னார், டீக்கடையில் சொன்னார். ரோட்டில் பார்த்தவர்களெல்லாம், "லேய், இன்னைக்கு வெயிலு உண்டாக்கியாச்சா?" என்று கேட்டார்கள். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் கழிந்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. இடது கை மட்டும் அசையும். பின்னறையை ஒட்டிய அறையில் கட்டில் போட்டோம். துடைப்பது, துணி மாற்றுவது, கஞ்சி கொடுப்பது எல்லாம் பகலில் நான்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் விளக்குகள் இரவில்தான் எரிந்தன. அதுதான் முறை. செடிக்கு எது பகல் என்று நாம்தானே தீர்மானிக்கிறோம். ராத்திரித் தணுப்பில் விளக்கைப் போட்டு, பகலில் இருட்டில் விட்டுவிட்டால் ஏசிக்குப் பாதி வேலைதான். பின்சுவரில் ஓட்டை போட்டு, காற்றாடி வைத்து அனலை வெளியே தள்ளினேன். அனலோடு ஊதா வெளிச்சமும் வெளியே போனது. பின்வீட்டுப் பூங்கனி மாமி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"லேய் பெனிஷு, ராத்திரி முழுக்க ஊதா கலருல எரியுதே, கஞ்சா வளக்கியா?"

"கீரையாக்கும் மாமி."

"கீரைக்கு எதுக்கு மக்கா டிஸ்கோ லைட்டு?"

அவள் விளையாட்டாகக் கேட்டாள். ஊர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து இலையைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று அக்கா அழுதாள்.

"எனக்க கல்யாணக் காரியம் பேசிட்டு இருக்கு மக்கா. அந்த ஓட்டைய அடைச்சிரு. ராத்திரி விளக்கு வேண்டாம்."

அடைத்தேன். விளக்கைப் பகலுக்கு மாற்றினேன். அவளுக்காகத்தான்.

ஏப்ரல் மாதம். கான்கிரீட் மாடிக்குக் கீழே, வெயிலும் விளக்கும் ஒரே நேரத்தில். ஏசி திணறியது. சூடு ஏறினால் இலையோரம் கருகும், குருத்து நீளும், பிறகு கசந்துவிடும். கோவளத்தில் ஒரு ரிசார்ட்காரர், முதல் அறுவடை நன்றாக இருந்தால் வருடம் முழுக்க எடுப்பதாகச் சொல்லியிருந்தார். என் வாழ்க்கையில் நான் முடித்துக் காட்டிய ஒரே காரியமாக அது இருந்திருக்கும். அறுவடைக்கு ஒரு வாரம் இருந்தது.

சூடு இல்லாமல் போகாது சார். இடம்தான் மாறும். பின்சுவரை அடைத்தாகிவிட்டது. மிச்சமிருந்தது அப்பா அறைப் பக்கத்துச் சுவர். அதில் ஒரு பழைய வெண்டிலேட்டர் இருந்தது. காற்றாடியை அதில் பொருத்தினேன். விளக்குகளுக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டிகளும் சுடும் என்பதால், அவற்றையும் அந்தப் பக்கம் ஒரு பலகை அடித்து மாட்டினேன். மத்தியானத்துக்குள் என் அறை இருபத்தாறு டிகிரிக்கு இறங்கியது. இலைகள் நிமிர்ந்தன. அப்படி ஒரு நிம்மதி எனக்குப் பல வருடங்களாக இருந்ததில்லை.

அப்பா அறையின் ஜன்னல் முதலில் திறந்துதான் இருந்தது. ஆனால் ஏசியின் வெளிப்பெட்டி அந்த ஜன்னலுக்கு நேர் வெளியே. ஜன்னல் வழியே போன அனலை இழுத்து இழுத்து மறுநாள் அது நின்றுவிட்டது. ஜன்னலைச் சாத்தினேன். கதவைத் திறந்து வைத்தால் அனல் ஹாலைச் சுற்றிப் பின்னறைக்கே திரும்பியது. கதவையும் சாத்தினேன். தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொன்றும் சரியான முடிவு.

அக்கா வருவதற்கு முன் எல்லாவற்றையும் திறந்து வைப்பேன். ஆனாலும் ஒருநாள் அப்பா அறைக்குள் வந்ததுமே கேட்டாள்.

"இந்த முறி என்னலே இப்பிடி வேகுது?"

"ஏப்ரல்ல பின்ன பனியா பெய்யும்?"

"அப்பாவ ஹாலுல கெடத்துவமா?"

"ஒன்னப் பாக்க ஆளு வரும்போ மூத்திர வாடை அடிக்கட்டும், இல்லியா?"

பிறகு அவள் கேட்கவில்லை.

அப்பா தட்டுவார். இடது கையை மடக்கிக் கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டுவார். போய்த் தண்ணீர் கொடுப்பேன். குடித்துவிட்டு வெண்டிலேட்டரைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார். "வெயிலு உண்டாக்குதேம்ப்பா" என்று ஒருமுறை சொன்னேன். வேடிக்கைக்குத்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

தட்டித் தட்டி விரல் முட்டுகளில் தோல் உரிந்துவிட்டது. பார்க்கப் பொறுக்கவில்லை. பழைய போர்வையைக் கிழித்து அந்தக் கம்பியைச் சுற்றிக் கட்டினேன். அதற்கப்புறம் சத்தம் வரவில்லை. கை நோகாமல் இருக்கிறாரே என்று ஆறுதலாக இருந்தது.

அறுவடை நாளில் காலையிலிருந்து குனிந்தபடி இலை வெட்டினேன். அவரைப் போய்ப் பார்க்க நேரமில்லை. ரிசார்ட் வண்டியில் வந்த ரதீஷ் ஒரு இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "நல்ல தணுப்பு" என்றான். பெட்டிகளை ஏற்றி அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்ததுகூடத் தெரியவில்லை. அன்று ஜன்னலைத் திறக்க மறந்துவிட்டேன்.

அவள் நேராக உள்ளே போய் அப்பாவின் நெற்றியில் கை வைத்தாள். "ஏலே, அப்பாக்குக் காய்ச்சல் பொள்ளுதுலே. ஆட்டோ விளி" என்று கத்தினாள். விளித்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, உயிர் போய் வெகு நேரமாயிற்று என்றார். அக்கா நம்பவில்லை. "சூடு இருக்குல்லா டாக்டர், தொட்டுப் பாருங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

கோபம் என்று எழுதாதீர்கள். கோபக்காரன் கஞ்சி கரைத்து ஊட்டமாட்டான். அந்த அறை அவ்வளவு சுடும் என்று தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? வெப்பமானிகள் எல்லாம் செடிகளிடம் இருந்தன. அப்பா பக்கத்தில் ஒன்றும் வைக்கவில்லை.

ஃபிரிட்ஜில் இருந்த பாக்கெட்டுகளைப் பற்றியும் கேட்டீர்கள். அவை அடுத்த போகத்துக்கான விதைகள். அதுவரை அப்பாவின் கட்டிலுக்கு அடியில்தான் வைத்திருந்தேன். காற்றாடியைப் பொருத்திய அன்று, சுவிட்சைப் போடுவதற்கு முன்னால், ஒன்றுவிடாமல் எடுத்து மாற்றினேன். லெட்யூஸ் விதை சூடு தாங்காது சார். அந்த அறையில் விட்டிருந்தால் செத்துப்போயிருக்கும்.