லோடு இறுக்குகிறவன்

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னான்? இது நடந்தது பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு. ஆள் நடமாட்டமே இல்லாத நேர் ரோடு... இரண்டு பக்கமும் பொட்டல். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கத்திச் சொல்கிற கதை இல்லை இது. என் கூட்டாளியின் தங்கை வீட்டுக்காரருக்கு நடந்தது. நம்பாதவன் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

அவர் டிரெய்லர் ஓட்டுகிறவர். பக்கப்பலகை எதுவும் இல்லாத வெறும் தட்டு வண்டி. அன்றைக்கு இரும்புக் குழாய் லோடு. மற்ற நாளில் லோடு சரியாமல் குறுக்கே பெல்ட் போட்டு, முறுக்கி, சுற்றிச் சுற்றி வந்து பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் எடுப்பார். கிளீனர்கூட வைத்துக்கொள்ள மாட்டார். அடுத்தவன் கட்டினால் அவருக்குத் தூக்கம் வராது. அன்றைக்குப் பாதியில் மாமியாரிடமிருந்து போன். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு முறை பிள்ளை தங்காமல் போன வீடு... மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெல்ட்டுகளை மாட்டி, பேருக்கு முறுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, இறங்கி, மறுபடி இறுக்குவது வழக்கம். ஓட்டத்தில் குழாய் படிந்து கட்டு தளர்ந்துபோகும். அதையும் செய்யவில்லை.

கிறிக்... கிறிக்... கிறிக்...

பின்னாலிருந்து. பெல்ட் முறுக்குகிற சத்தம். வண்டியோ ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தார். குழாய்களின் மேல் ஒருவன் குனிந்து உட்கார்ந்து, நிதானமாக இறுக்கிக்கொண்டிருந்தான்.

நிறுத்தி இறங்கினார். யாரும் இல்லை. நனைந்த கயிற்றின் வாடை மட்டும்... அந்த வெயிலில். பெல்ட்டுகள் எல்லாம் விறைத்து நின்றன. அவற்றுக்கு மேல் அவருடையது அல்லாத ஒரு பழைய கயிறு, முடிச்சுக்கு மேல் முடிச்சாக. இறுகிய இடத்தில் குழாய் நசுங்கியிருந்தது. இரும்புக் குழாய் ஐயா!

வண்டியை எடுத்தால் கிறிக். நிறுத்தினால் யாரும் இல்லை. இப்படியே பொழுது போனது. கடைசியில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டில் நின்று, லோடைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அண்ணே, நீங்க யாரா இருந்தாலும் சரி. கட்டினது போதும், விட்டுடுங்க. அங்க ஆஸ்பத்திரியில எனக்குப் பிள்ளை பொறக்கப் போவுது."

சொல்லியிருக்கக் கூடாது. வாயை அடக்கியிருக்கலாம். ஆனால் தவித்துக் கிடக்கிறவனுக்கு அது தோன்றுமா?

அதன்பிறகு சத்தமே இல்லை. தப்பித்தோம் பிழைத்தோம் என்று மிதித்தவர், சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினார். வராந்தா பெஞ்சில் மாமியார், மடியில் பிள்ளை, முகமெல்லாம் சிரிப்பு. ஆண் பிள்ளையாம். பிறந்ததும் கட்டடமே அதிர அழுததாம். மகள் உள்ளே தூங்குகிறாளாம்.

"உங்க ஆள் முன்னாடியே வந்துட்டாரே மாப்பிள்ளை."

இவர் வர நேரமாகும் என்று அந்த ஆள் சொன்னானாம். பிள்ளையைச் சுற்றிய துணி தொளதொளவென்று கிடக்கிறதே என்று கேட்டு வாங்கி, அவனே சுற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனானாம்.

இவர் குனிந்தார். கழுத்திலிருந்து கால்வரை துணி விறைத்திருந்தது. முடிச்சுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்... நகம்கூட நுழையவில்லை.

"அவரு கட்டிக் குடுத்ததிலேர்ந்து அசையவே இல்ல," என்றார் மாமியார், பெருமையாக. "எவ்வளவு சமத்து பாருங்க."