பூட்டு திறக்கலைன்னு யாரும் சொல்லலை

(1993. மலேசியா. சிரம்பான், அம்பாங்கானில் ஒரு கடையின் மாடியில் சின்ன கம்ப்யூட்டர் அலுவலகம். அங்கே வேலை செய்யும் மெய்யம்மை, கோலா பிலா பக்கத்து எஸ்டேட் ஒன்றின் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிறாள். டாக்டர் இல்லாத அந்த ஆஸ்பத்திரியில் மருந்தும் ஊசியும் டிரெசர் கையில்தான்.)

ஹலோ… ஹலோ! எஸ்டேட் ஆஸ்பத்திரியா?… டிரெசர் அண்ணனா பேசறது? முருகையா அண்ணே, நான் மெய்யம்மை, சிரம்பான்லேருந்து… ஆமா, ஆமா, கம்ப்யூட்டர் மெய்யம்மைதான்… இல்லண்ணே, கல்யாணமும் இல்ல, பத்திரிகையும் இல்ல… ஐயோ, சிரிக்காம கேளுங்கலா!

அண்ணே, கம்ப்யூட்டர் காட்டுறத நம்பாதீங்க. இன்னிக்கு நம்பாதீங்க… இல்ல, நல்லாத்தான் ஓடும், தெரியும். அதான் பயமே. நல்லா ஓடுற மாதிரியே பொய் சொல்லுது… எல்லாருக்கும் இல்ல. ரப்பர் காட்டை அழிச்சு மூடினாங்களே ஒரு எஸ்டேட்டு, அங்கேருந்து உங்ககிட்ட வந்து சேர்ந்தாங்கள்ல கொஞ்சம் குடும்பம்? அவங்க நோயாளிச் சீட்டு மட்டும்… ஆமா, மூடின எஸ்டேட்டோட பழைய டிஸ்க்லேருந்து நாங்க உங்க மெஷின்ல ஏத்திக் குடுத்தது.

சொல்றேன், சொல்றேன், குறுக்க பேசாதீங்க. நோயாளி பேரு மட்டும்தான் அதுல திறந்து கிடக்கு. மத்த விஷயமெல்லாம் பூட்டி வெச்சிருக்கோம்… ஆமா, ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி படிச்சுட்டு ஊரெல்லாம் சொல்லிடுவாருன்னு நீங்கதானே கேட்டீங்க. அந்தப் பூட்டைத் திறக்கிற புரோகிராம் நாங்க எழுதினது இல்ல, வெளியில வாங்கினது. அது பாட்டுக்கு திறக்கும். திறந்துச்சுன்னா பூஜ்யம்னு சொல்லும். திறக்கலைன்னா ஏதாவது ஒரு நம்பர் சொல்லும். இருபத்தி மூணுன்னா சாவி தப்புன்னு அர்த்தம். மூடின எஸ்டேட்டுக்கு வேற சாவி, உங்களுக்கு வேற சாவி. அதனால அவங்க சீட்டு ஒண்ணு கூட திறக்கல. இருபத்தி மூணு, இருபத்தி மூணுன்னு அது கத்திக்கிட்டே இருக்கு. எங்க புரோகிராம் காதுலயே வாங்கல!

…வராதுண்ணே. அந்த நம்பர் திரையில எப்படி வரும்? முன்ன வந்துச்சே, செவப்புல, பீப்னு சத்தத்தோட? கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, சந்தனம் வெச்சு, தேங்கா உடைச்சு, மேனேஜரைக் கூட்டிட்டு வந்து பட்டனை அமுக்கச் சொன்னீங்க. மொத ஆளுக்கே செவப்பா நம்பர் வந்துச்சு. மேனேஜர் மூஞ்சி போன போக்கு! மானம் போச்சு, இனிமே இந்த நம்பர் எழவே வரக் கூடாதுன்னு நீங்க எங்க முதலாளிகிட்ட… சரி, சரிண்ணே, கோச்சுக்காதீங்க. நீங்க கேட்டீங்க, செஞ்சது நாங்கதான். எடுத்தோம். நம்பரையும் எடுத்தோம், சத்தத்தையும் எடுத்தோம். யார் எழுதினது, யார் எடுத்ததுன்னு அப்புறம் உக்காந்து திட்டுங்க, நான் வாங்கிக்கிறேன்.

…என்ன காட்டுதா? கேளுங்க. பூட்டு திறக்கலைன்னா ஒண்ணும் காட்டாம கோசோங்கா வெத்துத் திரையா நின்னிருந்தா கூடப் பரவால்ல. அதுக்கு முன்ன யாரு சீட்டைத் திறந்தீங்களோ, அது உள்ளயே தங்கிடுது. புது ஆளு பேருக்குக் கீழ அந்தப் பழைய ஆளு விஷயத்தைக் காட்டிடுது… நம்ப மாட்டீங்களா? சரி. மெஷின் முன்னாடிதானே நிக்கிறீங்க? ஒரு தடவை செஞ்சு பாத்துடலாம். புள்ளத்தாச்சி யாராவது இருக்காங்களா, உங்க எஸ்டேட்டு பழைய ஆளு?… முத்துலெட்சுமி. நல்லது. அவங்க சீட்டை எடுங்க. வந்துச்சா? சரியா இருக்கா?… ம். ஏழாம் மாசம். சரி. இப்ப மூடின எஸ்டேட்டுலேருந்து வந்த ஆம்பள ஒருத்தரு பேரு போடுங்க… சன்னாசி? யாரு, காவலுக்கு இருக்காரே அந்தப் பெரியவரா? போடுங்க, அவரு பேரே போடுங்க. என்ன காட்டுது?… படிங்க. சத்தமா படிங்கண்ணே.

…ஏழாம் மாசம் கர்ப்பம்.

…சிரிங்க. நல்லா சிரிங்க. நானும் சிரிச்சிருப்பேன்… அண்ணே?…

…என்ன ஊசி? யாருக்கு?

…பஞ்சாலை. அவங்களும் அங்கேருந்து வந்தவங்களா?… கால்ல பாம் மரத்து முள்ளு குத்தி சீழ் வெச்சுடுச்சு, அதுக்கு. என்ன மருந்து போட்டீங்கண்ணே?… பென்சிலின். எப்ப?… இப்பன்னா எப்ப? நான் போன் அடிக்கும்போதா?… போட்டு முடிச்சு, பஞ்சைத் தூக்கிப் போட்டுட்டு வந்துதான் போனை எடுத்தீங்க. சரி. சரி, பதறாதீங்க, நானும் பதறல. அந்தப் பழைய டிஸ்க்கு இங்க என்கிட்ட இருக்கு. அதைத்தான் காலையிலேருந்து நோண்டிக்கிட்டு இருக்கேன். சரியான சாவி போட்டுப் பாக்குறேன், இருங்க, போனை வெக்காதீங்க… ப… பஞ்… அலாமா, இந்தக் கீபோர்டு வேற… திறந்துடுச்சு. வயசு, ஊரு, புள்ளைங்க… அப்புறம்…

அண்ணே. ஆகாதுன்னு போட்டிருக்கு. பென்சிலின் ஆகாது. முன்ன ஒரு தடவை மூச்சு நின்னு பிழைச்சிருக்காங்க. அண்ணே, அவங்க எங்க?… வெளிய பெஞ்சுலதானே? போய்ப் பாருங்க! போனைப் போட்டுட்டுப் போங்க, நான் லைன்லயே இருக்கேன். ஓடுங்க!

…

முருகா. தண்டாயுதபாணி. அந்தப் பொம்பள பெஞ்சுல உக்காந்திருக்கணும்பா. வெத்தலை போட்டுக்கிட்டு, யார்கூடயாவது கதை பேசிக்கிட்டு உக்காந்திருக்கணும்… ஹலோ?… அண்ணே?… என்ன சத்தம் அது? கதவா?… யாராவது இருக்கீங்களா அங்க?

ஹலோ! யாரு? யாரு எடுத்தது?… டிரெசர் இல்லம்மா, வெளிய ஓடியிருக்காரு. நீங்க யாரு?

…பஞ்சாலை அக்கா!

அக்கா, உங்களைத் தேடித்தான் அவரு ஓடினாரு. பெஞ்சுல இல்லாம எங்க போனீங்க?… பின்னாடி பைப்புக்கா? எதுக்கு?… அரிக்குதா. கை ரெண்டுமா?… மூஞ்சியும். தண்ணி ஊத்தியும் நிக்கல. அக்கா, தொண்டை எப்படி இருக்கு?… என்ன? சரியா கேக்கலை… இறுக்குது. சரி. சரிக்கா, நீங்க நிக்காதீங்க, கீழ உக்காருங்க. போனை விடாதீங்க.

…நான் யாரா? நான் சிரம்பான்ல… கம்ப்யூட்டர் ஆளுக்கா. அதை விடுங்க. டிரெசரைக் கத்திக் கூப்பிடுங்க… இன்னும் பலமா!… முடியலையா? சத்தம் வரலையா? அக்கா, பக்கத்துல என்ன இருக்கு? மருந்து பாட்டில், தட்டு, ஏதாவது?… ஊசித் தட்டு. அதைத் தள்ளி விடுங்க. கீழ போட்டு உடைங்க… திட்ட மாட்டாரு! நான் சொல்றேன், திட்ட மாட்டாருக்கா. மேனேஜர் வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். தள்ளுங்க!

…இன்னொண்ணு! பாட்டிலையும் போடுங்க! மேசையை இழுங்க, எது கையில கெடைக்குதோ அதையெல்லாம் போட்டு உடைங்க!

…அண்ணே! டிரெசர் அண்ணனா? கீழ பாருங்க, உங்க காலடியில! தொண்டை அடைக்குது அவங்களுக்கு, மாத்து மருந்து… எடுத்துட்டீங்களா? பேசாதீங்க, போடுங்க. போடுங்க.

…

…நான் இருக்கேண்ணே. சொல்லுங்க… போட்டாச்சு. தொடையில. மூச்சு?… விசில் அடிக்கிற மாதிரி வருதா. வருதுல்ல? வருதுல்லண்ணே?… கூப்பிட்டா கண்ணைத் திறக்குறாங்களா?… ம். ம். பாருங்க, நல்லா பாருங்க. நான் கேள்வி கேட்டுத் தொல்லை பண்ணல. உங்க வேலையைப் பாருங்க. ஆனா போனை வெச்சிடாதீங்க, அண்ணே. நான் இங்க தனியா இருக்கேன். பயமா இருக்கு.

…என்ன?… கொறையுதா! நெசமாவா? விசில் சத்தம் கொறையுதா… ஐயோ சாமி… இல்ல, அழல. அழலண்ணே, மூக்கு அடைச்சிருக்கு. கோலா பிலா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க, மறுபடி வந்தாலும் வரும்னு உங்களுக்குத் தெரியாததா… வேன் சொல்லி அனுப்பிட்டீங்களா? நல்லது. அண்ணே, மெஷினை நிறுத்திடுங்க. சுவிட்சைப் பிடுங்கிடுங்க. நான் முதலாளிகிட்ட சொல்றேன், அந்தச் செவப்பு நம்பர் திரும்ப வரணும். மானம் போனா போகட்டும்.

…அவங்க பேசணும்கிறாங்களா? என்கிட்டயா? முடியுமா அவங்களுக்கு?… குடுங்க.

அக்கா… ம். மெதுவா பேசுங்க. அவசரமே இல்ல… ம்… என்னது? நீங்க சொன்னீங்களா? எப்ப?

…ஊசி போடறதுக்கு முன்னாடியே.

…இந்த ஊசி எனக்கு ஒத்துக்காதுன்னு சொன்னீங்க. அவரு கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, அப்படி ஒண்ணும் இல்லையேன்னாரு. அப்புறம்?… மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும், நமக்குத்தான் ஞாபகப் பிசகுன்னு கையை நீட்டினீங்க.

…அக்கா, மெஷின் காட்டினது உங்க சீட்டே இல்ல, வேற யாரோடதோ. ஞாபகப் பிசகெல்லாம் இல்ல. நீங்க சொன்னதுதான் நெசம்… நீங்க ஏன்கா என்கிட்ட மன்னிப்பு கேக்குறீங்க? தட்டு போனா போகுது, வேற தட்டு வாங்கிக்கலாம்… ம்… ம்.

…கோலா பிலாவிலயா? அங்கயும் கம்ப்யூட்டர் இருக்குமான்னு கேக்குறீங்களா? தெரியலக்கா. இருக்கலாம். இருந்தா இருந்துட்டுப் போகுது. நீங்க சொல்லுங்க. ஊசியை எடுக்கும்போதே சொல்லுங்க. காதுல வாங்கலைன்னா மறுபடி சொல்லுங்க. கையை மட்டும் நீட்டாதீங்க… கூச்சமா? பெரிய ஆளுங்ககிட்ட எப்படிங்கிறீங்களா?

வேன் வந்துடுச்சா? ஹார்ன் கேக்குது. ஒரு நிமிஷம், போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க. என்னை டாக்டர்னு வெச்சுக்குங்க. நான் ஊசியோட வர்றேன்… சொல்லுங்க.

…கேக்கலை, அக்கா.

…இன்னும் கொஞ்சம்.

…ம். கேட்டுச்சு. நல்லா கேட்டுச்சுக்கா. அப்படியே சொல்லுங்க. போயிட்டு வாங்க.