பள்ளத்து கியர்பாக்ஸ் நலமாக இருந்தது

எனக்கு வெள்ளைச் சட்டை பிடிக்கும், ஐயா. விபத்தை விசாரிக்க வந்த உங்களுக்கு இது சம்பந்தமில்லாத பேச்சாகத் தோன்றலாம். ஆனால் எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

ஆலையில் என் வேலை சுலபமானது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் மாதாமாதம் ஒரு சின்ன பாட்டில் எண்ணெய் பிடித்து லேபுக்கு அனுப்ப வேண்டும். மனிதனுக்கு ரத்தப் பரிசோதனை மாதிரி. எண்ணெயில் இரும்புத்தூள் கூடினால் உள்ளே பல்சக்கரம் தேய்கிறது என்று அர்த்தம். உடைவதற்கு முன்பே நிறுத்திச் சரிசெய்துவிடலாம்.

கதவோரப் பம்பு தங்கமானது. இடுப்பு உயரத்தில் குழாய், தலைக்கு மேல் மின்விசிறி. பெரிய கியர்பாக்ஸ் மட்டும் ஒரு பள்ளத்துக்குள் கிடந்தது. இறங்கினால் அனல். ஏறினால் சட்டையில் கறை. அந்தக் கறையை என் மனைவி துவைக்கும்போது, அடி விழுவது சட்டைக்குத்தானா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

அதனால் எல்லாப் பாட்டிலையும் கதவோரப் பம்பிலேயே நிரப்பினேன். லேபிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“என்ன சார், உங்க மெஷினெல்லாம் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்களா? ரிசல்ட்ல ஒரு புள்ளி கூட மாறல.”

நியாயமான கேள்வி. அடுத்த மாதத்திலிருந்து கவனமாக இருந்தேன். கம்ப்ரஸர் பாட்டிலில் அரத்திலிருந்து உதிர்ந்த இரும்புத்தூள் ஒரு சிட்டிகை. மிக்ஸர் பாட்டிலில் சில சொட்டுத் தண்ணீர். கைப்பக்குவம் தானாக வந்தது. பள்ளத்து கியர்பாக்ஸுக்கு மட்டும் எந்த நோயும் கொடுக்கவில்லை. நோய் என்றால் மறுபடி சாம்பிள் கேட்பார்கள். கூடவே யாராவது வந்து நிற்பார்கள். இறங்கித்தான் ஆக வேண்டும்.

கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டார்கள். தலைமை ஃபிட்டர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“புதுப்பொண்ணு மாதிரி பளபளன்னு இருக்கேய்யா. இதை எதுக்குப் பிரிச்சோம்?”

“வருமுன் காக்கத்தாண்ணே” என்றேன்.

பள்ளத்து கியர்பாக்ஸை ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. பூனை நடந்தாலே திரும்பிப் பார்க்கிற காது அவனுக்கு. வீட்டுக்குச் சாப்பிட வந்தாலும் அதே புலம்பல்.

“மாமா, உள்ள யாரோ கல்லை மெல்லுற மாதிரி சத்தம். ஒருவாட்டி நிறுத்திப் பாக்கச் சொல்லுங்களேன். பக்கத்துல நிக்கவே பயமா இருக்கு.”

“ரிப்போர்ட்ல உன் மெஷினுக்குத்தான்டா முதல் மார்க். உன் காது பெருசா, லேப் பெருசா?”

“மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும், பேசாம சாப்பிடு” என்றாள் அக்காக்காரி. அவனும் பேசாமல் சாப்பிட்டான்.

போன வாரம் பல்சக்கரம் மூடியைப் பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் பாய்ந்தது. அப்போது நான் கதவோரத்தில் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தேன். பள்ளத்து கியர்பாக்ஸ் என்று சீட்டு ஒட்டிய பாட்டில். எண்ணெய் தெளிவாகத்தான் இருந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் என் சட்டை வீணாகிவிட்டது. அதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஆமாம் ஐயா, நான்தான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை. அவனுக்குக் கை கால் பத்திரம். இரண்டு காதும்தான் போய்விட்டது. நேற்று ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலோரம் உட்கார்ந்து, சட்டையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

என் பக்கத்து நியாயம் அவனுக்காவது புரிந்ததே, அது போதும்.