நாற்பது நாள்

தொட்டி மாற்றிய மரத்திற்கு நாற்பது நாள் உரம் வைக்கக் கூடாது. தொட்டியில் குட்டை மரம் வளர்க்கும் எங்கள் ஓமியா ஊரில் இதை அறியாதவர் இல்லை. வேரை வெட்டிய புண் ஆறும்வரை தண்ணீரும் அரைநிழலும் போதும். காற்றுப் படக் கூடாது.

மறைந்த என் கணவரின் தங்கை மசாயோ இதை அறியாதவள். செண்டாய் நகரில் சிற்றுண்டிக் கடை நடத்தியவள்; எவரைக் கண்டாலும் ஊட்டிவிடத் துடிப்பவள். கடையை மூடிவிட்டு என்னுடன் வாழ வந்தாள். மார்ச்சில், மாமனார் விட்டுச்சென்ற கரும்பைன் மரத்தைத் தொட்டி மாற்றி வைத்துவிட்டு, மூன்று நாள் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மண்மீது பதினொரு பிண்ணாக்கு உருண்டைகள் இருந்தன.

"பாவம் அண்ணி, வேரையெல்லாம் நறுக்கிட்டீங்க, அதுக்குப் பசிக்காதா? சும்மா தண்ணிய ஊத்தினா நம்மள சாபம் விடும்" என்று சிரித்தாள்.

ஜூனில் ஊசியிலைகள் அனைத்தும் செம்பழுப்பாயின. நூற்றறுபது ஆண்டு வளர்ந்த மரம் அது. நான் அவளைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. இதை வாக்குமூலத்தில் தவறாமல் எழுதுங்கள்.

அக்டோபரில் அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு நாளைக்கு ஆறு வேளை, சிறிது சிறிதாகக் கஞ்சி தரவேண்டும் என்று மருத்துவர் கூறினார். அதைத் தெளிவான கையெழுத்தில் குறித்துக்கொண்டேன். பின்னர் அவளை வீட்டுக்கு அழைத்துவந்து வடக்கு அறையில் படுக்கை விரித்தேன். அங்கே வெயில் நேராக விழாது. காற்றுப் படாதிருக்கக் கதவைப் பூட்டினேன். காலையும் மாலையும் தண்ணீர் கொடுத்தேன்.

நான்காம் நாள், "அண்ணி, கஞ்சி எங்க?" என்றாள்.

"வெட்டின இடம் ஆறட்டும்."

"நான் என்ன தொட்டியில வெச்ச மரமா?" என்று அப்போதும் சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் அவள் சிரிக்கவில்லை. "அந்த மரத்துக்காகத்தானே? தெரியாம செஞ்சிட்டேன் அண்ணி. ஒரே ஒரு வாய் குடுங்க."

"பேசாதே, தையல் வலிக்கும்" என்றேன். தையலைப் பற்றி எனக்கு உண்மையாகவே அக்கறை இருந்தது.

அடுத்த வீட்டுக் குவானோ மீன்சாறு கொண்டுவந்தாள். "மசாயோ எப்படியிருக்கா அக்கா? அந்த வாயாடியோட சத்தத்தையே காணோம்!" என்றாள். தூங்குகிறாள் என்று சொல்லிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். உப்புள்ள சாறு மரங்களுக்கு ஆகாது. ஆகவே நானே குடித்தேன். பாத்திரத்தைக் கழுவித் துடைத்து மறுநாளே திருப்பிக் கொடுத்தேன்.

பைன் மரம் காய்ந்தபோது சத்தம் போடவில்லை. மசாயோ பதினைந்தாம் நாள்வரை கதவைத் தட்டினாள். அதன்பின் விரல் நகத்தால் சுரண்டினாள். இருபத்திரண்டாம் நாள் காலை, உதட்டில் வைத்த தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

பட்டினி போட்டுக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கதவைப் பூட்டியவள் நான். கஞ்சி கொடுக்காதவளும் நான். அவள் இறப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். இவற்றை மறுக்கவில்லை. ஆயினும் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். சமையலறை மேல்தட்டில், மூடியிட்ட கிண்ணத்தில், நாற்பத்தோராம் நாள் கஞ்சிக்கென்று ஒரு பிடி அரிசி அளந்து வைத்திருக்கிறேன். ஆளனுப்பிப் பாருங்கள். கொல்ல நினைப்பவள் அரிசி எடுத்து வைப்பாளா?