பஸ் டீச்சரின் ஜன்னலோர இருக்கை

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, மறைந்த நம் துணைத் தலைமையாசிரியர் அம்மையாரின் அன்புக் கணவரே, வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கும் பெற்றோர்களே, கல்லூரியிலிருந்து வந்து பின்வரிசையில் நிற்கும் எங்கள் பழைய பிள்ளைகளே! கணக்கு டீச்சருக்குப் பேச்சு வராது என்று, நான் அக்கா என்றே அழைத்த அந்த அம்மையார் என்னைக் கேலி செய்வார். இன்று உண்மையிலேயே வரவில்லை.

பஸ் டீச்சர்! நம் துணைத் தலைமையாசிரியருக்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்தது அரசாங்கமா? பல்கலைக்கழகமா? இல்லை, நீங்கள் கொடுத்தீர்கள். இறுதித் தேர்வு முடிந்ததும் நாங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வோம். அக்காவோ பெற்றவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கல்லூரிக்குக் கூட்டிப்போவார். ஜன்னலோரத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு, பக்கத்தில் இடிபட்டுக்கொண்டே வருவார். "உதவித்தொகை இருக்கு, இடமும் இருக்கு. அப்பா அம்மாவுக்குத்தான் அந்த கேட்டைத் தாண்டப் பயம். தனக்கே பயமா இருக்கிற இடத்துக்கு யாராவது பெத்த பிள்ளைய அனுப்புவாங்களா?" என்பார். நம்மில் வேறு யார் அப்படி யோசித்தோம்?

ஒருமுறை சலவைக்கடை அம்மாவைக் காலி வகுப்பறை ஒன்றில் உட்கார வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். திடுதிப்பென்று மாணவர்கள் நுழைய, பின்னாலேயே பேராசிரியரும் வந்து பாடத்தைத் தொடங்கிவிட்டார்! எழுந்துபோகக் கூச்சப்பட்டு, மணி அடிக்கும்வரை இருவரும் அசையவில்லை. வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டாராம்: "எனக்கு ஒண்ணுமே புரியல டீச்சர். என் பொண்ணுக்குப் புரியும்ல?"

"எனக்கும்தான் புரியல. அவளுக்குப் புரியும், வாங்க."

அந்தப் பெண் இதோ, பின்வரிசையில் விசும்பிக்கொண்டு நிற்கிறாள். அழு, கண்ணே. எனக்கும் அடக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவைக் கடைசியாகப் பார்த்தபோதும் இதே பேச்சுதான். "வெல்டர் இன்னும் வரலடி. மக அவ்வளவு நல்லா படிக்கிறா, பட்டறையில கூடமாட இருந்தா போதும்ங்கிறாரு. நீ கூட்டிட்டுப் போ."

"மொதல்ல நீங்க எழுந்து வாங்கக்கா. அப்புறம் சேர்ந்தே போய்ச் சண்டை போடலாம்."

"வாயப் பாரு!" என்று சிரித்தார். மறுநாள் அக்கா இல்லை. ஐயோ, அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

வெல்டர் ஐயா, நீங்களும் வந்திருக்கிறீர்கள். நேற்று அடக்கம் முடிந்ததும் என்னிடம் சொன்னீர்களே: "அந்த காலேஜ் கேட்டைச் செஞ்சதே நான்தான் டீச்சர். மாட்டி முடிச்சதும், இங்க நிக்காதே கிளம்புன்னு தொரத்திட்டாங்க. அப்புறம் அந்தப் பக்கமே நான் தலைவச்சுப் படுக்கல."

அக்காவிடம் இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போயிருப்பார். எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. ஆனாலும் சபையறியச் சொல்கிறேன்: பஸ் டீச்சரின் வேலை நிற்காது, நிற்க விடமாட்டோம்! சேர்க்கைக்கு நாளை கடைசி நாள். காலை முதல் பஸ்ஸுக்கு மகளோடு வாருங்கள், ஐயா. நீங்கள் செய்த கேட் வழியாகவே உள்ளே போவோம். ஜன்னலோரம் உங்களுக்கு. பக்கத்தில் நான் இடிபட்டுக்கொண்டு வருகிறேன்.